கறாரும் திமிரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனோம். பெரியப்பா, பெரியம்மா, நான், என் வீட்டுக்காரர், பின்னால் பிள்ளைகள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு போவதெல்லாம் ஒரு பயணமே இல்லை, புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போகிற மாதிரிதான். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு வந்ததும் பெரியப்பா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். எப்போதும் சொல்வார். இறங்கி நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டி.ஆர்.சுந்தரம் புராணத்தை ஆரம்பிப்பார்.

எனக்கு அது மனப்பாடம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடும்பம், இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்தவர், வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர், 1935-ல் இந்த மலையடிவாரத்தில் கம்பெனி ஆரம்பித்தவர். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-ல் இந்தக் கம்பெனி எடுத்ததுதான். ஆனால் பெரியப்பாவுக்குப் பிடித்த இடம் இதெல்லாம் இல்லை. “நேரம்னா நேரம் கண்ணு. எப்பேர்ப்பட்ட ஸ்டாரா இருந்தாலும் முதலாளிகிட்ட பப்பு வேகாது. அம்புட்டுக் கறாரான மனுசன்!” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், ஏதோ இவரே அங்கே மேனேஜராக இருந்த மாதிரி. அந்த வளைவுக்குப் பின்னால் இப்போது ஸ்டூடியோ கிடையாது, குடியிருப்புதான்.

சரி, வண்டி கிளம்பி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பாட்டுப் பெட்டியில் நடிகை பானுமதி பாடிய ‘அழகான பொண்ணுதான்’ வந்தது. பெரியப்பா தொடையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்ததும் சொன்னார்: “பானுமதி குரலு தங்கம்தான். ஆனா திமிரு புடிச்ச பொம்பள.”

ஏற்காட்டுக்கு மொத்தம் இருபது கொண்டை ஊசி. மிச்சம் பதினேழிலும் நான் சண்டை போட்டுக்கொண்டே போனேன். அங்கே சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாட்டு எங்கள் ஊர்ப் பாட்டு. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மாடர்ன் தியேட்டர்ஸ் படம், 1956 பொங்கலுக்கு வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். தயாரிப்பும் இயக்கமும் டி.ஆர்.சுந்தரம். நடனக்காரி மார்ஜியானாவாக பானுமதி. பெரியப்பா கணக்கில் கறார் முதலாளியும் திமிர்க்காரியும் ஒரே படத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியிருக்கிறது. அதே வருடம் ‘மதுரை வீரன்’, ‘தாய்க்குப் பின் தாரம்’. எம்.ஜி.ஆர் பெரிய வசூல் நாயகனாக நிமிர்ந்த வருடத்தில் இந்த மூன்று படங்களுக்கும் கதாநாயகி பானுமதி. வளைவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் இங்கே வேலை பார்த்த முதலமைச்சர்களைத்தான் விரல் விட்டு எண்ணுவார்கள். இவர் பெயரை ஒருவராவது சொல்லி நான் கேட்டதில்லை.

ஏரிக்கரையில் பிள்ளைகள் படகுக்கு வரிசையில் நிற்க, நான் பெரியம்மாவிடம் போனை நீட்டினேன். அதே படத்தில் ‘மாசிலா உண்மைக் காதலே’. பெரியம்மா நன்றாகப் பாடுவார், கல்யாண வீடுகளில் நலங்குப் பாட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். “சத்தத்த விடுங்க பெரிம்மா, கழுத்த மட்டும் பாருங்க” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எம்சியாரு மூச்சே வாங்கக் காணோம். இந்தம்மா வாங்குது.”

அவ்வளவுதான் விஷயம். எம்.ஜி.ஆருக்கு அங்கே பாடுவது ஏ.எம்.ராஜா. பானுமதிக்குப் பாடுவது பானுமதி. ஒரே ஃபிரேமுக்குள் இரவல் தொண்டை ஒன்று, சொந்தத் தொண்டை ஒன்று. இரவலைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தின் போக்கே அதுதான். ஆரம்பத்தில் பாடத் தெரிந்தால்தான் சினிமா. நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் கேமரா முன் நின்று நடிக்கிறபோதே பாடியும் தீர்க்க வேண்டும். பாட்டைத் தனியாகப் பதிவு செய்து பிறகு வாயசைக்கலாம் என்று ஆன பிறகு குரலுக்கு ஓர் ஆள், முகத்துக்கு ஓர் ஆள் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. ஐம்பதுகளில் பத்மினி, சாவித்திரி எல்லோருக்கும் ஜிக்கி, பி.லீலா, பி.சுசீலா என்று ஆட்கள் இருந்தார்கள். பானுமதி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. பாட்டு முன்கூட்டியே பதிவானாலும், வாயசைக்கும்போது எந்த இடத்தில் மூச்சை இழுத்தோம், எந்தச் சங்கதியில் தாடை இறங்கியது என்று அவர் உடம்புக்கே தெரியும். மூக்கோடு சேர்ந்து வரும் அந்தக் குரலை வேறு யார் முகத்துக்கு வைத்தாலும் ஒட்டாது. இது என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

குரல் வந்தது வீட்டிலிருந்து. ஓங்கோல் பக்கம் தொட்டவரம் என்ற ஊரில் 1925-ல் பிறந்தவர், சங்கீதம் சொல்லிக் கொடுத்தது அப்பா வெங்கட சுப்பையா. 1939-ல் ‘வரவிக்ரயம்’ தெலுங்குப் படத்தில் நடிக்க அனுப்பும்போதே, நடிக்கிற எவனும் என் பெண்ணைத் தொட்டுக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று அப்பா நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். 1943-ல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் காதலித்துக் கல்யாணம், சினிமாவுக்கு முழுக்கு. பிறகு பி.என்.ரெட்டி கூப்பிட்டு 1945-ல் ‘ஸ்வர்க்க சீமா’, அதோடு திரும்பிப் பார்க்கவில்லை. மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ், அப்புறம் பரணி ஸ்டூடியோ. 1953-ல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கி இரட்டை வேடத்தில் நடித்தும் விட்டார். வயது அப்போது முப்பதுகூட இல்லை. தெலுங்கில் மாமியார் கதைகள் எழுதி சிரிக்க வைத்தது தனிக் கணக்கு.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1957-ல் ‘மக்களைப் பெற்ற மகராசி’. சிவாஜி கொங்குத் தமிழ் பேசி நடித்த படம். எழுதிய ஏ.பி.நாகராஜன் சங்ககிரிப் பக்கத்துக்காரர், பேச்சு ஒட்டாமல் இருக்குமா? அதில் ஆந்திராக்காரியான பானுமதி நம் ஊர்ப் பெண்ணாக வருகிறார். ‘போறவளே போறவளே பொன்னுரங்கம்’ என்று டி.எம்.எஸ் கூப்பிட, பதிலுக்கு வெடுக்கென்று வரும் குரலைக் கேளுங்கள். சேலம் குகைப் பகுதியில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வம்பளக்கிற தினுசு அதுதான். அம்மாயிக்கு இந்தப் பாட்டு வந்தால் கை நிற்காது, ராட்டை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்.

இனி திமிர்க் கதைகளுக்கு வருவோம். எம்.ஜி.ஆரையே ‘மிஸ்டர் ராமச்சந்திரன்’ என்றுதான் கூப்பிடுவாராம். ஏன், அவர் பெயர் அதுதானே? ‘நாடோடி மன்னன்’ எடுக்கும்போது எம்.ஜி.ஆரோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலகினார். அந்தப் பாத்திரம் கதையிலேயே செத்துப்போக, சரோஜாதேவி வந்தார். 1958-ல் படம் வந்தபோது பானுமதி பாடிய ‘சம்மதமா’ பாட்டு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பிற்பாடு எம்.ஜி.ஆர் ஆட்சியில் அரசு இசைக் கல்லூரிப் பொறுப்பு இவரிடம்தான் வந்தது. அவருக்கே இல்லாத கோபம் நமக்கு எதற்கு?

‘மிஸ்ஸியம்மா’ கதை வேறு. முதலில் நடிக்க ஆரம்பித்தது பானுமதி. செட்டுக்குத் தாமதமாக வந்தார் என்று தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்க, எழுத மாட்டேன் என்று போய்விட்டதாகச் சொல்வார்கள். அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது, அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். இதில் நான் பானுமதிக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். நேரத்துக்கு வராததும் தப்பு, அடம் பிடித்ததும் தப்பு. நம் முதலாளி செட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே பேக்கப் சொல்லியிருப்பார்.

ஆனால் கவனியுங்கள். சுந்தரம் தன் நிபந்தனையில் நின்றால் கறார். பானுமதி தன் நிபந்தனையில் நின்றால் திமிர். எனக்கு இது நன்றாகவே தெரியும். பதினாறு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். அட்வான்ஸ் வாங்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன், அளவு பிளவுஸ் இல்லாமல் ‘அந்தாஜா தெச்சுக் குடு’ என்றால் முடியாது என்பேன். பக்கத்துத் தெருவில் ஓர் ஆண் டெய்லர் இதையேதான் போர்டாக எழுதி மாட்டியிருக்கிறார். அவரை ‘தொழில் சுத்தம்’ என்கிறார்கள். என் கடையில் கல்யாண ஆர்டரை எடுத்துக்கொண்டு போன ஓர் அம்மா வாசற்படியிலேயே சொல்லிவிட்டுப் போனார்: “தெய்க்கத் தெரியும்ங்கற திமிரு.” ஆமாம், தைக்கத் தெரியும்தான்.

1962-ல் ‘அன்னை’ வந்தபோது பானுமதி காதல் பாட்டுக்கு ஆடும் நாயகி இல்லை, வளர்ப்புத் தாய். ‘பூவாகிக் காயாகி’ என்று அவரே பாடுகிறார். வயதான வேடம், வயதுக்கேற்ற குரல், இரண்டும் ஒருத்தியே. அதைப் பார்த்து என் அம்மாயி அழுததை நானே பார்த்திருக்கிறேன். 1992-ல் ‘செம்பருத்தி’யில் பாட்டியாக வந்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. இந்தக் கிழவி என்ன இப்படி அதட்டுகிறாள் என்று பயந்ததும் ஞாபகம் இருக்கிறது.

இறங்கும்போது இருட்டிவிட்டது. பெரியப்பா அடிவாரம் வரை பேசவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது தொண்டையைக் கனைத்தார்.

“சரி கண்ணு, கறார்னே வெச்சுக்க. ஆனா லேட்டா வந்தது தப்புதான?”

“தப்புதான் பெரிப்பா” என்றேன்.