சொல்லித் தராத பாடத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

நேற்று வேலை முடிந்து பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாசிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் தாண்டி, பெருநிலத்தில் இருக்கும் பிறைக்கு வந்து சேரும்போது இரவு மணி 11. மகள் தூங்கவில்லை. எட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) டிரையல் தாளை, அதாவது எஸ்பிஎம்முக்கு முன் நடக்கும் முன்னோட்டத் தேர்வின் தாளை, மேசையில் விரித்து வைத்திருந்தாள். அழுது முடித்த முகம்.

எஸ்பிஎம் என்பது மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு. அதில் கூடுதல் கணிதம் இரண்டாம் தாளில் சி பிரிவு என்று ஒன்று உண்டு. நான்கு கேள்விகள், ஏதாவது இரண்டு எழுதினால் போதும், 20 புள்ளி. டிரையலும் அதே மாதிரிதான். அந்த நான்கில் இரண்டு, ஐந்தாம் படிவத்தின் கடைசிப் பாடங்களான லீனியர் புரோகிராமிங்கும் கைனமேடிக்ஸும் (நகரும் பொருளின் வேகம், தூரம் பற்றிய கணக்கு). இவள் வகுப்பில் அந்த இரண்டையும் இன்னும் தொடவே இல்லை! மற்றப் பிள்ளைகள் நான்கைப் படித்துப் பார்த்து, தெரிந்த இரண்டை எடுக்கிறார்கள். இவளுக்கு மிச்சமிருந்த இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். அதில் ஒன்றில் மாட்டிக்கொண்டாள், 10 புள்ளி போச்சு.

ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். அது அவருடைய உரிமை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மாற்று ஆசிரியர் வர ஏன் அத்தனை வாரம்? வந்தவரும் கணிதம் படித்தவர் இல்லை. அதற்கு முந்திய பாடமான இண்டகிரேஷனே (தொகையிடல்) தட்டுத் தடுமாறித்தான் முடிந்தது. அது சரியாகப் புரியாமல் கைனமேடிக்ஸில் வேகத்திலிருந்து தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. மரியாதையாகப் போய், "இது எங்களுக்கு நடத்தவில்லை, டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார்கள். கிடைத்த பதில் என்ன தெரியுமா? பாடநூலில் இருக்கிறது, நீங்களே படித்திருக்க வேண்டும். இன்னொருவர், இதெல்லாம் காபாட் கேள்வி, யோசித்து எழுதணும் என்றாராம். காபாட் என்றால் கற்றதை வைத்து மேலே யோசிப்பது. கற்றே தராததில் எதை வைத்து யோசிப்பது? அரிசி போடாத உலையில் சோறு எங்கே என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

என்னை எரிய வைப்பது இதுதான். அதே வகுப்பில் சில பிள்ளைகள் அந்த இரண்டு கேள்விகளையும் எழுதிவிட்டார்கள். எப்படி? டியூஷனில் மே மாதமே முடித்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகள். ஆனால் அந்த 20 புள்ளி பள்ளியில் கற்றதை அளக்கவில்லையே. யார் வீட்டில் டியூஷனுக்குக் காசு இருக்கிறது என்பதைத்தான் அளந்தது. என் சம்பளத்தில் ஒரு பாடத்துக்குத்தான் அனுப்ப முடிந்தது, அவள் பௌதிகத்தைத் தேர்ந்தெடுத்தாள். கணிதத்தைப் பள்ளியை நம்பி விட்டோம்.

"டிரையல்தானே, விடுங்கம்மா" என்கிறார்கள். எப்படி விடுவது? எத்தனையோ தனியார் கல்லூரிகள் டிரையல் முடிவைப் பார்த்துத்தான் முன்கூட்டியே இடமும் கட்டணக் கழிவும் தருகின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கழிவு சின்ன விஷயமா?

திங்கட்கிழமை ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். இலவசமாகப் புள்ளி கேட்கப் போகவில்லை. எஸ்பிஎம்முக்கு முன்னால் அந்த இரண்டு பாடத்தையும் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு நடத்தப் போகிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லப் போகிறேன். சனிக்கிழமை என்றாலும் சரி, நானே கொண்டுவந்து விடுகிறேன்.