முகமூடி போருக்கே போகவில்லையா?
ரோமானியக் குதிரைவீரர்களின் முகமூடித் தலைக்கவசம் காட்சி விளையாட்டுக்கு மட்டும்தான், போர்க்களத்தைப் பார்த்ததே இல்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. அப்படியானால் ஜெர்மனியின் கால்க்ரீசவில் கிடைத்த இரும்பு முகமூடியை எங்கே வைப்பது? கி.பி. 9இல் ரோமானியத் தளபதி வாரஸின் மூன்று லெஜியன்கள் (ரோமானியப் பெரும்படைப் பிரிவுகள்) அழிந்த போரோடு சேர்த்துப் பேசப்படும் களம் அது. மேலே போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டை யாரோ உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விளிம்பில்தான் கொஞ்சம் மிச்சம். சாமான் வண்டியில் வந்திருக்கலாம், சரி. ஆனால் "பார்த்ததே இல்லை" என்று எப்படி முடிவு கட்டுவது? அப்புறம், இதைப் போட்டால் கண்ணே தெரியாது என்று அந்தக் கட்டுரையின் கீழ் ஒரு நண்பர் கருத்து எழுதியிருக்கிறார். கி.பி. 136 வாக்கில் ரோமானியக் குதிரைப்படைப் பயிற்சியை விவரித்த கிரேக்க எழுத்தாளர் அரியன், கண்ணுக்கு நேராகத் திறப்பு விட்டிருப்பதால் பார்வை மறையாது, கண்ணுக்கும் காப்பு என்கிறார். போர்க் கவசம் வேறு என்று பிரித்துக் காட்டுபவரும் அவர்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் சொல்லும் விளையாட்டும் வெறும் ஊர்வலம் இல்லை: மஞ்சள் குஞ்சம் பறக்க, ஓடும் குதிரையிலிருந்து இரும்பு முனை இல்லாத மர ஈட்டிகளை எதிரணி மேல் உண்மையாகவே எறிவார்கள். முகமூடி இல்லாமல் முகத்தில் பட்டால் பல் போயிருக்கும்.