எய்ட்ஸுக்குக் காரணம் பாப்பர்ஸ் அல்ல

"தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு எய்ட்ஸ் வந்ததே பாப்பர்ஸ் முகர்ந்ததால்தான், வைரஸ் என்பது கட்டுக்கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாப்பர்ஸ் என்பது போதைக்காக முகரும் நைட்ரைட் திரவம். தவறு. 1981-ல் அமெரிக்காவில் முதல் நோயாளிகள் தெரியவந்தபோது மருத்துவர்களும் பாப்பர்ஸைச் சந்தேகித்தார்கள், உண்மைதான். ஆனால் 1983-லேயே பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸைப் (எச்ஐவி) பிரித்தெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் போதைப்பொருள்தான் காரணம் என்று விடாப்பிடியாக வாதாடியவர் அமெரிக்க உயிரியலாளர் பீட்டர் டூஸ்பெர்க். இப்படி எழுதியவர் சொல்வது டூஸ்பெர்க்கின் பழைய வாதம்.

கனடாவின் வான்கூவரில் 715 தன்பாலீர்ப்பு ஆண்களை எட்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 1993-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எய்ட்ஸ் வந்தது 136 பேருக்கு. அத்தனை பேருக்கும் முன்பே எச்ஐவி இருந்தது. தொற்று இல்லாதவர்களிலும் பாப்பர்ஸ் பழக்கம் உள்ளவர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக்கூட எய்ட்ஸ் இல்லை. எச்ஐவி கலந்த ரத்தப்பொருள் ஏற்றிக்கொண்டு பாதிக்கப்பட்ட ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) சிறுவர்கள் என்ன பாப்பர்ஸா முகர்ந்தார்கள்?

சரி, போதைக்கும் எச்ஐவிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, வேறு வழியில். மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) போட்டுக்கொண்டு உறவு கொள்ளும்போது ஆணுறை மறந்துபோகிறது, ஊசி கைமாறுகிறது, எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை வேளை தவறுகிறது. கிருமி அப்படித்தான் நுழைகிறது. அப்புறம், பாப்பர்ஸ் ஒன்றும் சாதுவல்ல: வயாகராவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென இறங்கி உயிரே போகலாம்.