கப்பலிலும் பந்தி வேண்டும்

போன வாரம் அக்கா மகன் போனில் கேட்டான். "மாமா, கப்பல் டிக்கெட் போடும்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு எந்த நேரம்னு கேக்குது. 5.30 மணி, 8 மணி, அப்புறம் 'உங்கள் விருப்ப நேரம்'னு மூணு இருக்கு. எதைப் போடட்டும்?" அவன் எதிர்பார்த்தது ஒரு வரிப் பதில். நான் அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும் மனசு அடங்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா உல்லாசக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு, பாலக்காட்டு எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில்கூடக் கப்பல் பயணத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த அறை, எந்தத் துறைமுகம் என்று எல்லாவற்றையும் கேட்பவர்கள் சாப்பாட்டு மேஜையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஆனால் பயணம் எப்படி அமையும் என்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் மூவாயிரம் நாலாயிரம் பேர் போவார்கள். மேல்தளத்தில் பஃபே இருக்கும். அது தவிர, உட்காரவைத்துப் பரிமாறும் பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் டிக்கெட்டிலேயே காசு அடங்கிவிடும். அந்தக் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார இடம் போதாது. அதனால் பழைய வழக்கப்படி இரண்டு பந்தி. முதல் பந்தி 5.30 அல்லது 6 மணிக்கு, இரண்டாம் பந்தி 8 அல்லது 8.30 மணிக்கு. அரங்கில் நடக்கும் நிகழ்ச்சியையும் இதற்குத் தோதாக இரண்டு முறை நடத்துவார்கள். உங்களுக்கு ஒரு மேஜை எண் கிடைக்கும். கரை இறங்கும்வரை அதே மேஜை, பக்கத்தில் அதே மனிதர்கள், பரிமாறுவதும் அதே ஆள். புது வழக்கத்தில் கூடம் திறந்திருக்கும் நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். வாசலில் நிற்பவர் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் மேஜையைக் காட்டுவார். ராயல் கரீபியன் கப்பல் கம்பெனி இதை 'மை டைம்' என்கிறது, கார்னிவல் 'யுவர் டைம்' என்கிறது.

எனக்குப் பழைய வழக்கம்தான் வேண்டும். ஏன் என்று சொல்ல அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா போன மறு வருஷம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரிப் பயணம் போனோம். நான், மனைவி, அம்மா மூன்று பேர். இரண்டாம் பந்தி, எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேஜை. முதல் ராத்திரி அம்மா தலையே நிமிரவில்லை. எதிரில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்த் தம்பதி, அந்தம்மாவின் தங்கை, அப்புறம் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவரும் அவர் கணவரும், திருச்சூர்க்காரர்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தமிழும், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் போல மலையாளமும் வரும். இரண்டாம் ராத்திரி ஈப்போ அம்மா, "எங்க பாட்டி நாமக்கல் பக்கங்க" என்று பேச்சை எடுத்தார். அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாடு முடிய இரண்டு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் மத்தியானம் நாங்கள் தூங்கி எழுந்தபோது அம்மா அறையில் இல்லை. தேடிப் போனால் மேல்தளத்தில் அந்த இரண்டு அம்மாக்களோடும் உட்கார்ந்து, தென்னைக்கு வந்த வெள்ளை ஈயைப் பற்றி மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்! அப்பா போனதிலிருந்து வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அம்மா. சாயங்காலம் ஆறு மணிக்கே சேலை மாற்றிக்கொண்டு, "ஏஞ்சாமி, மணி எட்டாகலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பரிமாறிய பையன் பிலிப்பைன்ஸ்காரன். முதல் ராத்திரி அம்மாவுக்கு முட்டை ஆகாது, குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். மறுநாள் நாங்கள் உட்காரும் முன்பே அம்மா இடத்தில் வெந்நீர்க் குவளை இருந்தது. கத்தியும் முள்கரண்டியும் எடுக்கப்பட்டு ஒரு ஸ்பூன் மட்டும் வைக்கப்பட்டிருந்தது. இனிப்பு வரும்போது தட்டைக் காட்டி, "நோ எக், அம்மா" என்பான். அம்மா என்ற சொல்லை அவன் எங்களிடமிருந்து பிடித்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழித்து வேறு கப்பல், விருப்ப நேரம். முதல் ராத்திரி வாசலில் இருபது நிமிஷம் வரிசை. சுவரோரம் மூன்று பேர் மேஜை. பரிமாறியவர் நல்ல மனிதர்தான், ஆனால் மறுநாள் வேறொருவர், அதற்கடுத்த நாள் இன்னொருவர். தினமும் முட்டைக் கதை, வெந்நீர்க் கதை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள், ஒருவர் முகமும் மறுநாள் கண்ணில் படவில்லை. மூன்றாம் ராத்திரி அம்மா சொன்னார்: "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க கண்ணு. நான் மேலேயே கொஞ்சம் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கறேன்." அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். பெண் பொள்ளாச்சிப் பக்கம், மாப்பிள்ளை பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். இலையில் கேரளத்து ஓலனும் காளனும் ஒரு ஓரம், நம் பக்கத்துப் பொரியலும் கூட்டும் ஒரு ஓரம். பக்கத்து இலையில் யார் என்று நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உட்கார்ந்த பிறகுதான் "நீங்க யாரு வழி?" என்ற கேள்வி வரும். பாயசம் வருவதற்குள் எப்படியும் ஒரு சொந்தமோ தெரிந்த ஆளோ கிளம்பிவிடும். பந்தி விசாரிக்கிற பெரியவர் இலைக்கு இலை குனிந்து, "ரசம் வந்துச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவார். இப்போது மண்டபங்களில் பஃபே வந்துவிட்டது. அவரவர் தட்டு, அவரவர் மூலை, உடன் வந்தவர்களோடு மட்டும் பேச்சு. கூட்டம் என்னவோ அதேதான். கப்பலிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த மாற்றம் பழசும் இல்லை. நார்வீஜியன் கம்பெனி 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் 2000-ல் ஆரம்பித்தது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அதற்கும் நூறு வருஷம் முன்னால், அட்லாண்டிக் கடந்த கப்பல்களில் நீள மேஜை, தரையோடு பிணைத்த சுழல் நாற்காலி. 1905-ல் ஜெர்மன் கப்பல் 'அமெரிக்கா'வில்தான் பேர்பெற்ற ஓட்டல்காரர் ரிட்ஸ் பெயரில் தனி உணவகம் வந்தது. கூடுதல் காசு கொடுத்தால் நினைத்ததை வரவழைத்துச் சாப்பிடலாம். அதாவது இந்த விருப்பச் சாப்பாடு முதலில் பணக்காரர்களுக்காகத்தான் வந்தது. இன்றைக்கும் அந்த வாசனை போகவில்லை. சாப்பாட்டு நேரத்தைத் தளர்த்திய கப்பல்களில் தனிக் கட்டண உணவகங்களும் கூடவே பெருகின. பந்தி நேரம் இல்லாதவனைத்தானே இன்னொரு கடைக்குள் இழுக்க முடியும்?

டிஸ்னி கப்பல்களை மட்டும் பாராட்ட வேண்டும். 1998-ல் முதல் கப்பல் ஓட ஆரம்பித்ததிலிருந்து அங்கே குடும்பங்கள் ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு உணவகத்துக்கு மாறுகின்றன. பரிமாறுபவர்களும் கூடவே மாறி வருகிறார்கள். இடம் புதிது, கவனிக்கிற ஆள் பழையவர். மனசு வைத்தால் இப்படியும் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

பரிமாறுகிறவர்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் கடைசி ராத்திரி உறையில் பணம் வைத்து அவர்கள் கையில் கொடுப்பது வழக்கம். இப்போது பல கப்பல்களில் ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறிவிடுகிறது. அவர்களுக்கு வருமானம் உறுதியாகக் கிடைக்கும் என்றால் நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிலிப்பைன்ஸ் பையனுக்கு அம்மா தன் கையால் உறை கொடுத்து, தலையில் கை வைத்து "நல்லாயிரு சாமி" என்றதும் அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கைக்குழந்தை இருந்தால் 8 மணி தாங்காது, 5.30 மணி நமக்கு டீ நேரம், யாருக்குப் பசிக்கும்? துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பும் நாளில் முதல் பந்தியைப் பிடிக்க ஓட வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களுக்கு நேரம் முக்கியம். மேஜையில் வாய் ஓயாத ஒருவர் அமைந்துவிட்டால் நாலு ராத்திரியும் அவரோடுதான். இதற்கெல்லாம் என்னிடம் முழுப் பதில் இல்லை. மேஜை சரியில்லை என்றால் முதல் நாளே கூடத்தின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள்.

விருப்ப நேரத்தைத் தவிர்க்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தினமும் ஒரே நேரத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு, முதல் நாள் பரிமாறியவரின் பகுதியிலேயே இடம் கேளுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து உட்கார விருப்பம் என்றும் சொல்லுங்கள். சைவம், ஜைன உணவு போன்றவற்றை டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். குறிப்பாகத் தனியாகப் போகும் பெரியவர்களுக்கு இதையெல்லாம் பிள்ளைகள்தான் செய்து தர வேண்டும். அவர்கள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள்.

அக்கா மகனிடம் 8 மணிப் பந்தி, பெரிய மேஜை என்று சொல்லிவிட்டேன். அவனோடு அக்காவும் போகிறாள். "பாட்டியையும் கூட்டிட்டுப் போகட்டுமா மாமா?" என்றான். அம்மாவிடம் கேட்டேன். "ஈப்போக்காரங்களும் வர்றாங்களான்னு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ஈப்போ அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்.