தீபாவளிக்கு மறுநாள் கம்பம் ஏறாதீர்கள்

நான்கு வருடமாகப் போல் டான்ஸ், அதாவது நட்டு வைத்த உலோகக் கம்பத்தில் ஏறி ஆடும் ஆட்டம், கற்றுக்கொள்கிறேன். வீடு கோலாலம்பூர் செந்தூலில், வகுப்பு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில், பகலில் கணக்கு வேலை. இதைச் சொன்னதும் "கிளப்புல ஆடுறதாச்சே அது" என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. 2017-இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் சர்வதேசப் போல் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்புக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது என்றெல்லாம் என் அத்தையிடம் விளக்கிப் பார்த்துவிட்டேன். "சரி, சாப்பிட வா" என்றார். எனவே அந்தச் சண்டை இன்றைக்கு வேண்டாம். இன்றைய பேச்சு தோலைப் பற்றி. கம்பத்தில் தோல் பிடிக்காமல் வழுக்குவதைப் பற்றி.

முதல் வருடம், தீபாவளிக்கு மறுநாள் வகுப்புக்குப் போனேன். முந்தின நாள் விடிகாலையில் அம்மா உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்திருந்தார். முப்பது வயதுப் பெண்ணை! போதாததற்கு மறுநாள் காலையில் "காலெல்லாம் சாம்பல் பூத்து கெடக்கு" என்று தேங்காய் எண்ணெய் வேறு. சாயங்காலம் கம்பத்தில் ஏறினேன். 'சிட்' என்று ஒரு ஆரம்பப் பாடம் இருக்கிறது. தொடைகளைக் குறுக்காகப் போட்டுக் கம்பத்தை நெருக்கிக்கொண்டு, கையை விட்டுவிட்டு அந்தரத்தில் உட்கார வேண்டும். கையை விட்டேன். லிஃப்ட் இறங்குவது மாதிரி நேராகத் தரைக்கு வந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி லிஃப்ட். சொல்லிக்கொடுத்தவர் ஸ்பிரிட் ஊற்றிக் கம்பத்தை மூன்று தடவை துடைத்தார். எனக்கு அடுத்து ஏறிய பெண்ணும் அதே இடத்தில் வழுக்கி இறங்கினாள். அவள் முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த தீர்ப்பு: "உங்களுக்கு வியர்வை அதிகம். கொஞ்சம் எடை குறைந்தால் சரியாகிவிடும்."

என்ன பூசிக்கொண்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நம் வீடுகளில் எண்ணெய் பூசுவது பல் தேய்ப்பது மாதிரி. அதைப் போய் யார் தனியாகச் சொல்வார்கள்? அந்த இடத்தை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கோபம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒருவர் வழுக்கினால் உடனே அவருடைய உடம்பைக் குற்றம் சொல்வதும், அடுத்த நிமிடம் ஏதாவது ஒரு பாட்டிலை வாங்கச் சொல்வதும்தான் இந்த உலகத்தின் பழக்கம். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எதனால் வழுக்குகிறது என்று பார்த்தபிறகு வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஏனென்றால் நானும் வாங்கினேன். பிடி கிடைக்கத் தோலில் பூசுகிற ஆறு பாட்டில்கள் ஒரு சமயம் என் பையில் இருந்தன. ஈரத்தை உறிஞ்சும் திரவ சாக், டிரை ஹேண்ட்ஸ், பிசுபிசுவென்று ஒட்டும் ஐடாக், மைட்டி கிரிப் பவுடர், இன்னும் பெயர் மறந்த இரண்டு. எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாது. அவற்றைக் குறை சொல்லவில்லை, ஒவ்வொன்றும் அதனதன் வேலையைச் செய்கிறது. நான்தான் கைக்குப் போடுவதைத் தொடைக்கும், தொடைக்குப் போடுவதைக் கைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கை எப்போதும் ஈரம், என் தொடையும் முழங்கால் மடிப்பும் எப்போதும் காய்ந்துபோய் இருக்கும். ஒரே உடம்பில் இரண்டு ஊர், இரண்டு வானிலை.

வங்கியில் நோட்டு எண்ணுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு ஈரப் பஞ்சு இருக்கும். விரல் காய்ந்திருந்தால் நோட்டு நழுவும். பஞ்சில் லேசாகத் தொட்டுக்கொண்டால் ஒவ்வொரு நோட்டாகப் பிடிக்கும். விரலைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் மறுபடி வழுக்கும். கம்பத்தில் நடப்பதும் இதுதான். தோலின் மேலடுக்கு கொஞ்சம் ஈரத்தில் மிருதுவாகி உலோகத்தோடு படிந்து உட்காரும், அப்போது பிடி கிடைக்கும். ஈரம் கூடி தோலுக்கும் கம்பத்துக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் போச்சு. ஆகவே ஒருவருக்கு வேண்டியது ஈரத்தை எடுக்கும் சாக். இன்னொருவருக்கு வேண்டியது ஈரம். காய்ந்த தொடையில் போய் சாக் அப்பினால் கேரம் போர்டில் மாவு தூவின கதைதான். இதை நான் முந்நூறு வெள்ளி கொடுத்துக் கற்றேன். நீங்கள் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யூடியூப். குளிர்நாட்டில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். கம்பத்தைச் சூடாக்கு, அறையைச் சூடாக்கு, கனமான கால்சட்டை போட்டுக்கொண்டு உடம்பைச் சூடேற்று என்று சொல்வார்கள். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் காற்று வறண்டு தோல் வெடிக்கும், இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும், அவர்களுக்கு அது சரிதான். இங்கே எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து வகுப்புக்கு ஐந்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே நுழைந்தால் ஏர்கான் பதினெட்டில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஈரத்திலிருந்து வறட்சிக்குப் போய்விடுகிறோம். நம் பிரச்சினை நமக்கே உரியது, எந்த வீடியோவிலும் அது இல்லை.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எல்லாருமே வழுக்குவோம். கை நன்றாக இருக்கும், தொடை நன்றாக இருக்கும், ஆனால் கம்பம் சோப்பு போட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் கொஞ்சம் முன்னாடியே போனபோதுதான் பார்த்தேன். ஏர்கானில் நன்றாகக் குளிர்ந்துபோன அறையில், காற்று வரட்டும் என்று யாரோ சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே அப்போதுதான் மழை விட்டிருந்தது. கம்பத்தின் பளபளப்பு மங்கலாகத் தெரிந்தது. விரலால் கோடு இழுத்தேன், கோடு விழுந்தது. மாமாக் கடையில் ஐஸ் மைலோ டம்ளர் வெளியே வியர்க்குமே, அதே கதை. நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது, குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் அதில் படிந்துவிடுகிறது. இதற்குப் போய் ஆறு பாட்டில் எதற்கு? சன்னலைச் சாத்த வேண்டும். ஏர்கானைப் பதினெட்டில் வைக்காமல் இருபத்து நான்கில் வைத்து, ரிமோட்டில் தண்ணீர்த் துளி படம் போட்ட பட்டனை அழுத்தினால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது இழுத்துவிடும். எங்கள் வகுப்பில் இப்போது சன்னல் காவல் என் பொறுப்பு.

உள்ளங்கை வியர்வை தனிக் கதை. உடம்பின் மற்ற இடங்கள் வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கையும் பாதமும் பெரும்பாலும் பதற்றத்துக்கு வியர்க்கும். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் விடைத்தாள் நனைந்துவிடும் என்று கைக்குட்டையை விரித்து அதன்மேல் கை வைத்து எழுதிய தோழி எனக்கு இருந்தாள். ஆக, முதன்முதலாகத் தலைகீழாகத் தொங்கப் போகும் அன்று கை நனைவது எடையாலும் இல்லை, சோம்பலாலும் இல்லை. உயரத்தைப் பார்த்துப் பயம், அவ்வளவுதான். கீழே தடித்த மெத்தை போட்டு, ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் பாதி வியர்வை தானாக நின்றுவிடுகிறது. என் அனுபவத்தில் எந்த சாக்கையும்விட இது நன்றாக வேலை செய்தது. சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூடக் கை சொட்டுகிறது என்றால் அது வேறு, அதற்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அலுமினியம் குளோரைடு கலந்த ரோல்-ஆனை இரவில் நன்றாகக் காய்ந்த கையில் தடவிக் காலையில் கழுவச் சொல்வார்கள். கையைத் தண்ணீர்த் தட்டில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்பத்தின் உலோகமும் சும்மா இல்லை. குரோம் பூசியது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பித்தளை என்று பலவகை. வியர்க்கும் கைக்குப் பித்தளை நல்லது என்பது பலரும் ஒப்புக்கொள்வது. ஆனால் வகுப்பு முடிந்து வீடு வரும்போது கையில் பழைய குத்துவிளக்கு வாசம். ஸ்டீல் எனக்கு எப்போதுமே வழுக்கல். குரோமில் இன்னொரு தொல்லை இருக்கிறது. பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் அடுக்கு இருக்கும், மேல்பூச்சு தேய்ந்த பழைய கம்பம் என்றால் அது வெளியே வந்துவிடும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் நம் பெண்களில் எத்தனை பேர்! அதே நிக்கல்தான் பல சமயம் அந்தக் காதுக்கும் எதிரி. கம்பம் பட்ட இடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பி அரித்தால், உராய்வு என்று விட்டுவிடாமல் ஒருமுறை உங்கள் கவரிங் தோட்டை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டீல் பரவாயில்லை. அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் அவ்வளவு சுலபத்தில் வெளியேறாது.

இனி தழும்பு. வெள்ளைத் தோல்காரர்கள் காயத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஊதா, பச்சை, மஞ்சள் என்று வாணவேடிக்கை, இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. என் மாதிரி மாநிறத் தோலில் கன்றிப்போனது அவ்வளவாக வெளியே தெரியாது, ஆனால் தோல் உராய்ந்து எரிந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் இருக்கும். முழங்கால் மடிப்பில் எனக்கு இருக்கும் கறுப்புக்கு வயது ஒன்றரை. அழகுப் பொருள் கடையில் ஒரு பெண் வெளுப்பாக்கும் கிரீமைக் கையில் திணித்தார். நான் வாங்கவில்லை. புண்ணை நோண்டாமல் விடுவது, ஆறும்வரை அதே இடத்தில் மறுபடி உராயாமல் ஒரு வாரம் வேறு பயிற்சி செய்வது, வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடுவது, இவ்வளவுதான் நான் செய்வது. சன்ஸ்கிரீனும் வகுப்பு நாளில் வழுக்கும், கவனம்.

ஒருமுறை காய்ச்சலுக்குக் கிளினிக் போனபோது மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் மேல்கையில் இருந்த தழும்புகளைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் ஓகேவாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் தொண்டை அடைத்தது. இல்லை அக்கா, கம்பம் ஏறுகிறேன் என்றேன். நம்பவில்லை. கைபேசியில் வீடியோவைக் காட்டியபிறகுதான் விட்டார். அவர் கேட்டது நல்லதுதான், இன்னும் நிறையப் பேரிடம் இப்படிக் கேட்க வேண்டும்.

"அது சரி, ஏன் இவ்வளவு சின்னக் கால்சட்டை?" என்பது குடும்ப வாட்சப் குழுவின் நிரந்தரக் கேள்வி. துணி வழுக்கும், தோல் பிடிக்கும், அதனால்தான். என் தாத்தா பேராக்கில் ஒரு தென்னந்தோட்டத்தில் கள் இறக்கியவர். இடுப்பில் ஒரு துண்டுத் துணி, காலில் தளைநார், வெறும் மார்பு. ஏறுவதற்கு முன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வார், அதுதான் அவருடைய சாக். அவருடைய முன்கையின் உள்பக்கம் மரப்பட்டை மாதிரி இருக்கும், சிறுவயதில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படி உடுத்தியிருக்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா மகன் ஒருவன் "மல்லர் கம்பத்துல எண்ணெய் தடவித்தானே ஏறுறாங்க" என்று மடக்கினான். வாஸ்தவம். அது மரக்கம்பத்தில் செய்யும் பழைய வித்தை, இது உலோகம். அங்கே ஆமணக்கு எண்ணெய் தடவுவதே உராய்வைக் குறைத்துத் தோலைக் காப்பாற்றத்தான். இங்கே உராய்வுதான் எங்களைத் தூக்கிப் பிடிக்கிறது. அவனை ஒருநாள் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன், எண்ணெயோடு.

என் பையில் இப்போது இரண்டே பாட்டில்தான். கைக்குத் திரவ சாக், காய்ந்த நாளில் தொடைக்குக் கொஞ்சம் ஐடாக். முந்தின இரவே தொடைக்கு எண்ணெய்ப்பசை இல்லாத ஈரப்பதக் கிரீம், வகுப்பு நாளில் ஒன்றும் கிடையாது. கம்பம் துடைக்க ஸ்பிரிட்டும் ஒரு துணியும். ஏறி இறங்கிய ஒவ்வொருவரும் துடைத்துவிட்டு நகர வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் எழுதாத சட்டம். முதல் வருடத்துத் தேங்காய் எண்ணெய் ஞாபகத்தில் நான் மட்டும் இரண்டு தடவை துடைப்பேன்.

அம்மாவும் மாறிவிட்டார். இந்தத் தீபாவளிக்குக் கிண்ணத்தில் எண்ணெயைச் சுட வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டார்: "நாளைக்கு உனக்கு அந்தக் கம்பம் இருக்கா? இருந்தா தலைக்கு மட்டும் வைக்கிறேன்."