குறி பார்க்க வேண்டாம் என்று சொல்லி விற்கிற ரிவால்வர்

டாரஸ் ஜட்ஜ் வாங்கலாமா என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறார்கள். டெக்சாஸில் ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று நிலம் வாங்கி வீடு கட்டிப் போகும் நம் ஆட்கள் இப்போது நிறைய. போன பிறகுதான் தெரிகிறது, பின்வாசலில் பாம்பு வரும், கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும் என்று. துப்பாக்கிக் கடைக்குப் போய் நின்றால், இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று சொன்ன அடுத்த நிமிடம் விற்பவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது பெரும்பாலும் இந்த ரிவால்வரைத்தான். ஷாட்கன் தோட்டாவை, அதாவது ஒற்றைக் குண்டுக்குப் பதில் ஷாட் என்ற ஈய ரவைக் கூட்டம் உள்ள தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி. கேட்கும்போதே ஆசையாக இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்புக்கு இது நல்ல துப்பாக்கி. வீட்டுக்குள் நுழைகிற ஆளிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்ற இதைவிடப் பல மடங்கு நல்ல துப்பாக்கிகள் இருக்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம், இதை விற்கும்போது பேசுகிற பேச்சு. அது ஆபத்தானது.

தெரியாதவர்களுக்காக: டாரஸ் பிரேசில் கம்பெனி, அமெரிக்கத் தலைமையகம் இப்போது ஜார்ஜியாவில். ஜட்ஜ் 2006-ல் வந்தது. ஐந்து குண்டு பிடிக்கும் சிலிண்டர். அதில் .410 என்ற சின்ன சைஸ் ஷாட்கன் தோட்டாவும் போடலாம், 1873-ல் இருந்து இருக்கும் பழைய .45 கோல்ட் தோட்டாவும் போடலாம், இரண்டையும் கலந்தும் போடலாம். மயாமியில் குற்றம் அதிகமான பகுதிகளில் வேலை பார்த்த நீதிபதிகள் பாதுகாப்புக்கு இதை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு இந்தப் பெயரை வைத்ததாகக் கம்பெனியே சொல்லும். பெயரும் சேர்ந்துதான் விற்றது என்பேன். விற்பனை பிய்த்துக்கொண்டு போக, 2011-ல் ஸ்மித் அண்ட் வெஸனும் கவர்னர் என்று ஆறு குண்டு பிடிக்கும் ஒன்றைக் கொண்டுவந்தது. அது கூடுதலாக, பிஸ்டலுக்கான .45 ஏசிபி தோட்டாவையும் சுடும்.

கைத்துப்பாக்கியில் ஷாட் போடும் யோசனை புதிதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் தளபதிகள் சிலர் வைத்திருந்த லெமாட் ரிவால்வரில் ஒன்பது குண்டு சிலிண்டர், அதன் நடுவில் ஷாட்டுக்கென்று தனியாக ஒரு குழல். அங்கே ஷாட்டுக்கு ஒரு குழல், குண்டுக்கு ஒரு குழல் என்று பிரித்து வைத்தார்கள். ஜட்ஜில் ஒரே குழல் இரண்டு வேலையும் செய்ய வேண்டும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வைத்திருப்பவர்களிடம் பேசினால் அபிப்பிராயம் சுத்தமாக இரண்டாகப் பிரிந்து நிற்கும். மாடு வளர்ப்பவர்கள், வேலி பார்க்கப் போகிறவர்கள், டிராக்டரில் உட்காருகிறவர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இடுப்பில் நீளத் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு வைக்கோல் தூக்க முடியாது, இதைக் கட்டிக்கொண்டு தூக்கலாம். முதல் இரண்டு அறையில் பாம்புக்குச் சின்ன ரவை, மீதி மூன்றில் காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் என்று .45 கோல்ட். அவர்கள் சொல்வதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், வாராவாரம் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய்க் காகிதத்தில் ஓட்டை எண்ணுகிறவர்கள். அவர்களிடம் ஜட்ஜ் என்று சொன்னாலே முகம் சுளிக்கும். ஷாட்கன்னாகவும் உருப்படி இல்லை, ரிவால்வராகவும் உருப்படி இல்லை என்பார்கள். டாரஸ் என்ற பெயர் மேலேயே சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. 2015-ல் அந்தக் கம்பெனி பிஸ்டல் வழக்கு ஒன்றில் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது அவர்களுக்கு மறக்கவில்லை. ஆனால் அது பிஸ்டல் மாடல்கள் பற்றிய வழக்கு, இந்த ரிவால்வரை அதில் இழுப்பது நியாயம் இல்லை.

ரேஞ்சுக்காரர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஷாட்கன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். கைத்துப்பாக்கிக் குழலில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும், அதுதான் ரைஃப்ளிங், ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்ப. 1934-ல் போட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, வழவழப்பான குட்டைக் குழலில் ஷாட்கன் தோட்டா சுடும் எதுவும் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வகைக்குள் போய்விடும். அதனால் ஜட்ஜில் ரைஃப்ளிங் வெட்டினார்கள், .45 கோல்ட் சுடுகிறது என்பதால் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் கைத்துப்பாக்கி ஆனது. சரி, ஆனால் ரவைக் கூட்டத்தைச் சுழற்றினால் என்ன ஆகும்? வெளியே வந்ததும் சிதறி ஓடும். தாம்சன் சென்டர் கம்பெனியின் கண்டெண்டர் என்ற பழைய ஒற்றைக் குண்டு கைத்துப்பாக்கிக்கு .410 குழல் வந்தபோது, அந்தச் சுழற்சியை நிறுத்தவே முனையில் நேர்ப் பள்ளங்கள் உள்ள ஒரு சோக், அதாவது ஒரு குட்டைக் குழாய், மாட்டிக் கொடுத்தார்கள். ஜட்ஜில் அது கிடையாது. கடையில் விற்கச் சட்டம் கேட்ட அதே பள்ளம்தான் ரவையைக் கெடுக்கிறது.

.45 கோல்ட் பக்கமும் இதே கதைதான். .410 தோட்டாவுக்கு இடம் வேண்டும் என்று சிலிண்டரை 2.5 அங்குலமோ 3 அங்குலமோ நீளமாக்கிவிட்டார்கள். அதில் 1.6 அங்குல .45 தோட்டாவைப் போட்டால், குண்டு ரைஃப்ளிங்கைப் பிடிப்பதற்கு முன் வெறும் இடத்தில் ஒரு தாவு தாவ வேண்டும். நல்ல ரிவால்வரில் கிடைக்கும் துல்லியம் இதில் கிடைக்காது.

நண்பர் ஒருவருடைய 3 அங்குலக் குழல் ஜட்ஜைச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். 7 கஜத்தில், அதாவது வீட்டு ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தூரத்தில், ஆளுயர அட்டை. 9-ம் நம்பர் ரவை போட்ட தோட்டாவில் 2 மில்லிமீட்டர் ஈயப் பொட்டுகள் 290 அளவுக்கு இருக்கும். சுட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் அட்டையின் தோள், வயிறு, விளிம்பு எல்லா இடத்திலும் பொடிப்பொடியாகக் குத்து, நான் குறி வைத்த நடுவில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, வடை மாதிரி. அட்டைக்குப் பின்னால் இருந்த மரப்பலகையில் ரவைகள் பாதி புதைந்து பளபளத்துக்கொண்டு நின்றன. சாவி முனையால் நோண்டினால் உதிர்ந்தன. இரண்டு மூன்று எட்டு தூரத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பின் தலைக்கு இது தாராளம். ஜாக்கெட் போட்ட ஒரு முரடனுக்கு?

எஃப்பிஐ 1986 மயாமி துப்பாக்கிச் சண்டையில் ஏஜெண்டுகளைப் பறிகொடுத்த பிறகு, குண்டு, சதைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-க்கு மேல் வேண்டாம் என்று ஒரு அளவு வைத்தது. இன்றும் தற்காப்புத் தோட்டாவை அதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். சின்ன ரவை அந்த அளவின் பக்கத்திலேயே வராது. குட்டைக் குழலில் வேகமும் குறைந்துபோகும்.

இதைச் சொன்னால் ஜட்ஜ் வைத்திருப்பவர்கள் உடனே ட்ரிபிள் ஆட் பக்‌ஷாட்டைக் காட்டுவார்கள். நம் ஊரில் பால்ரஸ் என்பார்களே, அதில் பெரிய சைஸ், ஒவ்வொன்றும் 9 மில்லிமீட்டர். ஃபெடரல் கம்பெனி இந்தக் குட்டைக் குழலுக்கென்றே செய்த 2.5 அங்குலத் தோட்டாவில் நான்கு உருண்டை. வின்செஸ்டர் மூன்று வட்டு, பன்னிரண்டு பிபி என்ற சின்ன உருண்டை என்று ஒன்று போட்டது. அவர்கள் சொல்வது உண்மை, நல்ல பக்‌ஷாட் ஆழமாகப் போகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அட்டையில் அதைச் சுட்டால் நான்கு ஓட்டையும் விரித்த ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? உள்ளங்கை அகலத்துக்குள் விழுவதை இருட்டில், பதற்றத்தில், குறி பார்க்காமல் ஒரு ஆள் மேல் எப்படிப் போடுவீர்கள்? விரிந்து பரவும் தோட்டாவுக்கு ஆளை நிறுத்தும் பலம் இல்லை. பலம் உள்ள தோட்டா விரிவதில்லை. சும்மா அந்தப் பக்கம் காட்டி அழுத்தினால் போதும் என்ற பேச்சு இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை.

அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு கடையில் நான் நின்றிருக்கும்போதே, கல்லூரிக்குப் போகும் மகளோடு வந்திருந்த ஒரு அம்மாவிடம், ‘உங்களுக்குப் பயிற்சியெல்லாம் வேண்டாம் மேடம், கதவுப் பக்கம் திருப்பி அழுத்துங்க, மிச்சத்தை அது பார்த்துக்கும்’ என்றார் விற்பவர். அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நான் அவரிடம் பேசினேன், பக்கத்து ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு முறையாவது சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொன்னேன், விற்பவர் என்னை முறைத்தது தனி. முதல் துப்பாக்கி வாங்குகிறவர், அதுவும் பயத்தில் வாங்குகிறவர், அவரிடம் போய் உன் கை பழக வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய துரோகம்! அட்டையில் படாத ரவை எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். இங்கே வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகை. பக்‌ஷாட் அதைத் தாண்டிப் போகும், அந்தப் பக்கம் தூங்குவது உங்கள் பிள்ளை.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். இது கிட்டத்தட்ட 800 கிராம் எடை, பக்‌ஷாட் சுட்டால் கையை நன்றாக உதைக்கும், புதியவர்கள் இரண்டாவது குண்டுக்குள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். டிரிகரை இழுக்க விரலில் நல்ல பலம் வேண்டும். சுட்ட பிளாஸ்டிக் உறைகள் அறையில் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் மல்லுக்கட்டும். ஐந்து முடிந்தால் முடிந்தது. 2.5 அங்குல மாடலில் 3 அங்குலத் தோட்டாவைத் திணிக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ஆசையே பட வேண்டாம், அங்கே இது குட்டை ஷாட்கன் கணக்கில் வரும், வைத்திருப்பதே குற்றம்.

2011-ல் இதையும் தாண்டி 28 கேஜ் என்ற பெரிய ஷாட்கன் தோட்டா சுடும் ஒரு பிரம்மாண்ட ஜட்ஜை லாஸ் வேகஸ் துப்பாக்கிக் கண்காட்சியில் வைத்தார்கள். சட்டச் சிக்கலில் அது கடைக்கு வரவே இல்லை. நல்லது என்றுதான் நினைத்தேன்.

பாம்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விஷப்பாம்புக் கடி வருடத்துக்கு 7,000 முதல் 8,000, சாவு ஐந்து பேர் அளவில்தான். பாம்பை விட்டு விலகி நின்றால் பெரும்பாலும் அதுவே போய்விடும், அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்களும் உண்டு. குழந்தையோ நாயோ பக்கத்தில் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் சுடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழே பாறையோ சிமெண்டோ இல்லை என்று பார்த்துவிட்டு. இருந்தால் ரவை தெறித்துத் திரும்பி வரும். ஊர் எல்லைக்குள் வீடு என்றால் பெரும்பாலும் சுடவே அனுமதி இல்லை. உங்களிடம் ஏற்கெனவே .38 ரிவால்வர் இருந்தால் அதற்கே சிசிஐ கம்பெனியின் ரவைத் தோட்டா கிடைக்கிறது, அந்த இரண்டு எட்டு தூரத்துக்கு அதுவே போதும்.

வீட்டுக்கு என்றால் 20 கேஜ் சைஸ் நீள ஷாட்கன்னோ, ஒரு நல்ல 9 எம்எம் பிஸ்டலோ வாங்கி, வகுப்புக்குப் போங்கள். வாங்கும் பணத்தில் ஒரு பங்கைத் தோட்டாவுக்கும் வகுப்புக்கும் ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் மனைவிக்காக என்று வாங்குகிறவர்கள் தயவுசெய்து அவரையே கடைக்கும் ரேஞ்சுக்கும் கூட்டிப்போங்கள், அவர் கையில் எது அடங்குகிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக நம் ஆட்களுக்கு முக்கியமானது. எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் வைத்திருப்பதாகவே கணக்கு. நண்பர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் குற்றம், விசா, கிரீன் கார்டு எல்லாம் ஒரே நாளில் போய்விடும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை, மாநிலச் சட்டத்தை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜட்ஜோ கவர்னரோ வைத்திருப்பவர்கள் கமெண்டில் எழுதுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. எந்தத் தோட்டா, எத்தனை அங்குலக் குழல், 7 கஜத்தில் அட்டையில் என்ன விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.