இளைஞர் கட்சி, பெரியவர்கள் அனுமதி

ஈரானில் இளைஞர் கட்சி ஒன்று எழுகிறது என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால், எனக்கு நெதா கட்சிதான் ஞாபகம் வரும்.

அதிபர் தேர்தலில் மோசடி என்று 2009இல் எழுந்த போராட்டத்துக்குப் பிறகு சீர்திருத்தவாதிகளின் இரண்டு முக்கியக் கட்சிகளை அரசு முடக்கிப் போட்டது. அந்தத் தேர்தலில் நின்ற சீர்திருத்தத் தலைவர்கள் முசாவியும் கரூபியும் 2011இல் வீட்டுக்காவலுக்குப் போனார்கள். அந்த வெற்றிடத்தில்தான் 2014 கடைசியில் நெதா வந்தது. உறுப்பினர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தொடங்கி வைத்த சாதிக் கராசியோ ஐம்பதைத் தாண்டியவர், முன்னாள் தூதர். அவருடைய சகோதரி நாட்டின் அன்றைய உச்சத் தலைவர் காமெனெயி வீட்டு மருமகள். அது குற்றமில்லைதான். ஆனால் மூத்தவர்களுக்குக் கிடைக்காத அனுமதி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று சீர்திருத்த முகாமிலேயே முணுமுணுத்தார்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. அப்புறம்?

2016 நாடாளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். பாதுகாவலர் சபை, அதாவது வேட்பாளர்களைச் சலிக்கும் 12 பேர், பெயர் தெரிந்த சீர்திருத்தவாதிகளில் பெரும்பாலோரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டது. மிச்சம் இருந்தவர்களை வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள். படமே பத்திரிகையில் வரக்கூடாது என்று தடைக்குள்ளான முன்னாள் அதிபர், சீர்திருத்தவாதி கத்தாமி, இந்தப் பட்டியலுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று வீடியோவில் கேட்டார். தெஹ்ரான் வாக்காளர் 30 பெயர்களையும் கையால் எழுதவேண்டும், உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நிபுணர் அவைக்கு இன்னொரு 16. டெலிகிராமில் வந்த பட்டியலைப் பார்த்து, முன்பின் கேள்விப்படாத பெயர்களையெல்லாம் பொறுமையாக எழுதினார்கள் ஜனங்கள். தெஹ்ரானின் 30 இடங்களும் பட்டியலுக்கே!

இவ்வளவு நம்பிக்கையோடு எழுதிய கைகளுக்கு அந்த நாடாளுமன்றம் என்ன கொடுத்தது? பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டே வருடத்தில், 2017-18 போராட்டத்தில், “சீர்திருத்தவாதியே, பழமைவாதியே, கதை முடிந்தது” என்று தெருவில் கோஷம் போட்டார்கள். 2020இல் நாடு முழுக்க வாக்குப்பதிவு சுமார் 42 சதவீதம். 2022இல், ஹிஜாப் விவகாரத்தில் கைதாகிக் காவலில் இறந்த மாசா அமினிக்காகத் தெருவுக்கு வந்த பிள்ளைகள் எந்தக் கட்சி அட்டையையும் தேடவில்லை. 2024 மார்ச் தேர்தலில் கத்தாமியே ஓட்டுப் போடவில்லை!

நெதாக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சிறைக்குப் போகாமல் அரசியல் செய்ய நினைப்பது கோழைத்தனம் ஆகாது. என் எரிச்சல் வேறு. தலைவருக்கு வயது 30 என்றாலும் 60 என்றாலும், வேட்புமனு போய் நிற்பது அதே 12 பேர் மேசையில்தான். அடுத்த இளைஞர் கட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்த மேசையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதட்டும்.